பல்துறைக் களப் பாடத்துக்கு நிதி: பணம் எதற்குப் போகவேண்டும்?

தொம்மலூர்த் தமிழ் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூருவில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். இந்த ஆண்டு எங்கள் நிர்வாகம் ஓர் அறிவிப்பு விட்டிருக்கிறது. இரண்டு துறை ஆசிரியர்கள் சேர்ந்து, மாணவர்களை வெளியே கூட்டிப்போய்ச் செய்து பார்த்துக் கற்கும்படியாக ஒரு புதிய பாடம் நடத்தினால் 3 லட்சம் ரூபாய் வரை நிதி உண்டு. நானும் வேதியியல் துறையில் உள்ள தோழியும் விண்ணப்பிக்கப் போகிறோம். பாடம் ஏரியைப் பற்றியது.

தொம்மலூர் சொக்கப்பெருமாள் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே கோயிலுக்கு விட்ட கொடையில் விண்ணமங்கலம் ஏரியும் வருகிறது. ஏரியை நம்பி ஊர், ஊரை நம்பிக் கோயில் என்று வாழ்ந்த இடம் இது. இன்றைக்கு மெஜஸ்டிக் பஸ் நிலையம் நிற்பது தர்மாம்புதி ஏரியில், கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரியில். மிச்சம் இருக்கிற பெல்லந்தூர் ஏரி நுரை தள்ளுகிறது. 2017லும் 2018லும் தீப்பிடித்தே எரிந்தது. அந்தத் தண்ணீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. கல்வெட்டை மாணவர்களே படிக்கவேண்டும், தண்ணீரை அவர்களே சோதிக்கவேண்டும், கரையில் இருக்கிறவர்களிடம் அவர்களே பேசவேண்டும். ஒரு செமஸ்டர் முழுக்க இதுதான் பாடம்.

விண்ணப்பப் படிவத்தில்தான் சிக்கல். பட்ஜெட்டுக்கு நான்கு தலைப்பு கொடுத்திருக்கிறார்கள்: கருவிகள், புத்தகங்கள், பயணம், இதரச் செலவு. ஆசிரியரின் நேரத்துக்கு இடமே இல்லை. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் முழு நேரமும் நிற்போம். ஆனால் ஒர்க்லோடில் ஆளுக்குப் பாதிதான் ஏறும் என்று டைம்டேபிள் கமிட்டி சொல்லிவிட்டது. களத்தில் நிற்கும் 2 மணி நேரம் 1 மணி நேரமாகத்தான் கணக்கில் வரும். அதாவது இந்தப் பாடத்தை எடுத்தால் மற்ற வகுப்புகள் அப்படியே இருக்கும், இது அவற்றுக்கு மேல்.

என் கருத்து இதுதான். இப்படிப்பட்ட பாடத்துக்குக் கொடுக்கிற நிதி முதலில் ஆசிரியரின் நேரத்தை விடுவிக்கவேண்டும். அந்த 3 லட்சத்தில் ஒரு பகுதியை வைத்து என் ஒரு தாளுக்குக் கெஸ்ட் லெக்சரர் போட்டால் நான் உருப்படியாகக் களத்துக்குப் போகமுடியும். கருவி வாங்கினால் பீரோவுக்குள்தான் போகும். இப்படி நிதி வாங்கிப் பாடம் நடத்தியவர்கள், நிதி கொடுக்கும் கமிட்டியில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வீழ்படிவு எழுதியது:

மேடம், நான் வேதியியல். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கல்லூரி. கருவி வேண்டாம் என்று நீங்கள் சொன்னதை நானும் சொல்கிறேன், காரணம் மட்டும் வேறு.

கரைந்த ஆக்சிஜனை அளக்க டிஜிட்டல் மீட்டர் வாங்கலாம் என்று உங்கள் தோழி பட்ஜெட்டில் போட்டிருப்பார். வாங்கவேண்டாம். விங்க்லர் முறைக்கு மூடி போட்ட 300 மில்லி பிஓடி பாட்டிலும் (நீர்ச் சோதனைக்கான கண்ணாடிப் பாட்டில்) சில கரைசல்களும் போதும், எல்லாம் உங்கள் லேபிலேயே இருக்கும். பாட்டிலைச் சாய்த்து, குமிழி சேராமல் தண்ணீரை நிரப்பவேண்டும். மாங்கனீசு சல்ஃபேட் விட்டு, அடுத்துக் கார அயோடைடு-அசைடு விட்டு, மூடித் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுத்தால் வீழ்படிவு இறங்கும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறம். இல்லாவிட்டால் வெள்ளை. சாக்கடை வந்து விழும் வாயில் எடுத்த பாட்டிலில் வெள்ளையாகவே நிற்கும். ஜக்கூர் ஏரியில், சுத்திகரித்த நீர் சதுப்பு நிலத்தைக் கடந்து உள்ளே வரும் பக்கம் எடுத்துப் பாருங்கள், நிறம் மாறும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பி.ஏ. தமிழ் படிக்கும் பிள்ளைக்கும் விளங்கிவிடும். பிறகு லேபுக்கு வந்து அமிலம் விட்டு, தயோசல்ஃபேட்டால் தரம்பார்த்து எண்ணாக எடுக்கலாம். மீன் வளர்ப்புக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அங்கிருந்து கரையில் வலை போடுகிறவரிடம் பேச்சைத் தொடங்கலாம்.

மீட்டர் திரையில் எண் மட்டும்தான் தெரியும். அந்த எண் எப்படி வந்தது என்று மாணவர்களுக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. அசைடு நச்சு. கார அயோடைடு கையில் பட்டால் எரியும். கையுறை, கண்ணாடி, கழிவை ஊற்றிக்கொண்டு வர ஒரு கேன், இவ்வளவும் இல்லாமல் ஏரிக்கரைக்குப் போகவேண்டாம். பட்ஜெட்டில் இதை எழுதுங்கள்.

வவுச்சர் எழுதியது:

நான் பல்கலைக்கழக நிதிப் பிரிவில் பல ஆண்டு வேலை பார்த்தவன். இந்த இழையில் எல்லோரும் எங்களைத் திட்டுவதற்குள் சில விஷயம் சொல்லிவிடுகிறேன்.

படிவத்தில் நான்கு தலைப்பு இருக்கிறது என்பதற்காக நான்கில்தான் கேட்கவேண்டும் என்று இல்லை. தலைப்புக்கு வெளியே கேட்டால் கமிட்டி மறுக்கலாம். ஆனால் கேட்காததை நாங்கள் பின்னால் கொடுக்கவே முடியாது. சாங்ஷன் ஆர்டரில் (நிதி ஒப்புதல் ஆணையில்) இல்லாத தலைப்பில் ஒரு ரூபாய்கூட ஆடிட்டில் நிற்காது. ஆகவே "மாற்று ஆசிரியர் மதிப்பூதியம்" என்று தனித் தலைப்பாக, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று கணக்கோடு எழுதுங்கள். இதரச் செலவில் ஒளித்து வைக்காதீர்கள்.

இரண்டாவது, மறு ஒதுக்கீடு. ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற எவ்வளவு வரைக்கும் ஒருங்கிணைப்பாளருக்கே அதிகாரம் என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். களப் பாடத்தில் மழை வரும், பந்த் வரும், பஸ் நாள் மாறும். இந்த ஒரு வரி இல்லாமல்தான் பாதிப் பணம் மார்ச்சில் திரும்பிப் போகிறது.

மூன்றாவது, இது உங்கள் நிர்வாகத்தின் சொந்தப் பணமா, மத்திய அரசு நிதி வழி வருவதா என்று தெரிந்துகொள்ளுங்கள். மத்திய நிதி என்றால் ஜிஎஃப்ஆர் (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் பயனீட்டுச் சான்று கொடுக்கவேண்டும், வட்டி வந்தால் அதையும் திருப்பிக் கட்டவேண்டும். சொந்த நிதி என்றால் அவ்வளவு கெடுபிடி தேவையில்லை. ஆனாலும் பழக்கத்தில் அதே படிவத்தைக் கேட்பார்கள். தேவையில்லை என்று கேட்டு விலக்கு வாங்கலாம்.

தொம்மலூர்த் தமிழ் எழுதியது:

//கேட்காததை நாங்கள் பின்னால் கொடுக்கவே முடியாது//

மிக்க நன்றி சார். இதுவரை யாரும் இதை இப்படிச் சொல்லவில்லை. தனித் தலைப்பாகவே போடுகிறோம்.

வீழ்படிவு சார், தோழி மீட்டர் போட்டிருந்தார். எடுத்துவிட்டோம்.

பழைய டீன் எழுதியது:

நான் ஓய்வு பெற்றவன். கொஞ்சம் மாறுபடுகிறேன்.

நேரத்துக்குப் பணம் கேட்பது நியாயம். ஆனால் நிதி இருக்கும் வரைதான் அந்த நேரம். அடுத்த ஆண்டு அறிவிப்பு வராது, கெஸ்ட் லெக்சரர் போய்விடுவார், பாடமும் போய்விடும். ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் யூஜிசி பல்துறைப் பாடங்களுக்கென்றே நிதி கொடுத்தது. திட்டக் காலம் முடிந்ததும் பொறுப்பை மாநிலமோ பல்கலையோ ஏற்கவேண்டும் என்று உறுதிமொழி வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் போய்விட்டார்கள், பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. என் கண்முன்னே நல்ல பாடங்கள் அப்படிச் செத்தன. 2019இல் வந்த ஸ்ட்ரைட் திட்டம் பல்துறை ஆய்வுக்கானது, வகுப்பறைக்கு அல்ல. ஆய்வுக்குக் கொடுக்க நம்மிடம் அமைப்பு இருக்கிறது. கற்பித்தலுக்குக் கொடுக்க நிலையான அமைப்பு ஒன்றை நாம் இன்னும் கட்டவில்லை.

ஆகவே நிதி கேட்காதீர்கள், விதி கேளுங்கள். இரண்டு ஆசிரியர் சேர்ந்து நடத்தினால் இருவருக்கும் முழு மணி நேரம் என்று அகாடமிக் கவுன்சிலில் ஒரு தீர்மானம் போதும். அதற்குத் தனி நிதி எதற்கு?

வவுச்சர் எழுதியது:

சார், அந்தத் தீர்மானத்துக்கும் செலவு உண்டு. இருவருக்கும் முழு மணி நேரம் கொடுத்தால் மிச்ச வகுப்பை எடுக்க ஆள் வேண்டும். அந்தச் சம்பளம் எந்தத் தலைப்பில் என்று முதல் கேள்வி எங்களிடமிருந்துதான் வரும்.

பழைய டீன் எழுதியது:

வரட்டும். சம்பளத் தலைப்பில் வந்தால் ஆண்டுதோறும் வரும். திட்டத் தலைப்பில் வந்தால் ஒரு தடவைதான்.

முனிர்கா மதி எழுதியது:

டெல்லியிலிருந்து எழுதுகிறேன். டீன் சார் சொல்வதில் பாதி சரி. டெல்லி பல்கலையில் 2012 வாக்கில் இன்னொவேஷன் ப்ராஜெக்ட் என்று இளங்கலைக் கல்லூரிகளுக்கே நிதி கொடுத்தார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே குழு, துறை கலந்த தலைப்பு. ஞானோதயா என்று ரயிலிலேயே மாணவர்களைக் கூட்டிப்போனார்கள். 2013இல் நான்காண்டுப் பட்டம் வந்தது, ஃபவுண்டேஷன் பாடங்களை ஆசிரியர்கள் ராப்பகலாக உட்கார்ந்து எழுதினார்கள். 2014 ஜூனில் அந்த நான்காண்டுப் பட்டமே ரத்து. விதியும் ஒரே உத்தரவில் போய்விடும் சார்.

கர்நாடகத்திலும் அதுதானே நடந்தது? 2021இல் புதிய கல்விக் கொள்கையை முதலில் அமல்படுத்திய மாநிலம். 2024இல் மூன்றாண்டுப் பட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். நடுவில் ஓப்பன் எலெக்டிவ் (பிற துறை மாணவரும் எடுக்கும் விருப்பப் பாடம்) எழுதிய ஆசிரியர்களை யார் கேட்டார்கள்?

நிற்கிற உதாரணம் வேண்டுமென்றால் மும்பை ஐஐடியில் கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்கான சிதாரா (CTARA) மையத்தைப் பாருங்கள். 1985இல் தொடங்கியது. பொறியியல் மாணவர்கள் கிராமத்துக்குப் போய்க் குடிநீர்த் திட்டம், பாசனம் என்று நிஜமான கேள்விக்கு வேலை செய்து அதற்குக் கிரெடிட் வாங்குகிறார்கள். அது தனி மையம், தனி ஆசிரியர்கள், டிகிரி புத்தகத்திலேயே அந்தப் பாடத்துக்கு இடம். அதனால் நின்றது.

அமெரிக்காவில் டியூக் பல்கலையில் பாஸ் கனெக்‌ஷன்ஸ் என்று ஒன்று, 2013இல் ஒரு குடும்பம் 5 கோடி டாலர் கொடுத்ததில் தொடங்கியது. ஆண்டு முழுக்க ஓடும் குழுக்கள், பல துறைப் பேராசிரியர்கள், இளங்கலை முதல் ஆய்வு மாணவர் வரை ஒரே மேசையில். பணத்தின் அளவு நமக்கு எட்டாது. ஆனால் ஒரு செமஸ்டருக்குள் அடைக்காமல் ஆண்டு முழுக்க விட்டதை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஏரியில் கோடையில் எடுத்த தண்ணீரும் மழைக்குப் பின் எடுத்த தண்ணீரும் ஒன்றா?

வீழ்படிவு எழுதியது:

ஒன்றல்ல. இரண்டு பருவமும் எடுத்தால்தான் தரவுக்கு மதிப்பு.

நாலாம்செம் நந்தினி எழுதியது:

நான் மாணவி. டீச்சர்ஸ் நேரத்தைப் பத்தி எல்லாரும் பேசுறீங்க, எங்க நேரத்தையும் கொஞ்சம் பாருங்க.

கிரெடிட் கணக்குல களப்பணிக்கு 30 மணி நேரம் போனா 1 கிரெடிட். வகுப்புன்னா 15 மணி நேரத்துக்கே 1 கிரெடிட். அப்ப 2 கிரெடிட் களப் பாடத்துக்கு நான் 60 மணி நேரம் கொடுக்கணும், அதே 60 மணி நேரத்துல 4 கிரெடிட் வகுப்பு முடிஞ்சிடும். இதுல சில்க் போர்டு டிராஃபிக்ல நிக்கிற நேரம் கணக்குல வராது. என் கிளாஸ்ல பாதிப் பேர் சாயங்காலம் வேலைக்குப் போறவங்க. சனிக்கிழமை ஃபீல்டு வச்சா ஒரு நாள் சம்பளம் போகும். அதனால கையில காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைங்கதான் இந்த மாதிரி பேப்பர் எடுக்குறாங்க.

பஸ், சாப்பாடு, இன்ஷூரன்ஸ் மூணையும் நிதியிலேயே போடுங்க மேடம். எங்ககிட்ட வசூல் பண்ணாதீங்க. வேலையை விட்டு வர்றவங்களுக்கு ஏதாவது உதவித்தொகை போட முடியுமான்னும் பாருங்க.

மார்க்கும் முக்கியம். போன வருஷம் வேற ஒரு பேப்பர்ல குரூப் ப்ராஜெக்ட், எட்டுப் பேருக்கும் ஒரே மார்க். மூணு பேர்தான் வேலை பார்த்தோம். ஆளுக்கொரு களக் குறிப்பேடு வச்சு அதுக்கு மார்க் போட்டா நியாயமா இருக்கும்.

தொம்மலூர்த் தமிழ் எழுதியது:

நந்தினி, நீங்கள் எழுதியது எங்கள் வரைவில் இல்லவே இல்லை. களப்பணியை வகுப்பு நாளிலேயே, காலை வேளையில் வைக்க டைம்டேபிளில் சேர்ந்தாற்போல் மூன்று பீரியட் கேட்கிறோம். பஸ், சாப்பாடு, இன்ஷூரன்ஸ் மூன்றும் நிதியில். மாணவர் உதவித்தொகையையும் தனித் தலைப்பாக எழுதுகிறோம். கமிட்டி வெட்டினால் வெட்டட்டும், கேட்டது பதிவில் இருக்கும்.

தற்காலிகம் எழுதியது:

//என் ஒரு தாளுக்குக் கெஸ்ட் லெக்சரர் போட்டால்//

மேடம், அந்தக் கெஸ்ட் லெக்சரர் நான்தான். உங்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் யோசித்துப் பாருங்கள். கர்நாடக அரசுக் கல்லூரிகளில் மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். மணி நேரக் கணக்கில் வேலை, விடுமுறை மாதத்தில் சம்பளம் கிடையாது. இந்த மாதிரி நிதிக்கு நாங்கள் விண்ணப்பிக்கவே முடியாது, நிரந்தர ஆசிரியர் மட்டும் என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுகிறார்கள்.

நான் வரலாறு. ஊர் ஊராகப் போய் நடுகல் பார்த்தவன். பேகூர் நாகேஸ்வரர் கோயில் கல்லில் பெங்களூர் என்ற பெயர் சுமார் 1,100 ஆண்டுக்கு முன்பே இருக்கிறது. அதைக் காட்ட மாணவர்களைக் கூட்டிப்போக ஆசை. ஆனால் எனக்குக் கொடுக்கிற வேலை, களத்துக்குப் போகும் நிரந்தர ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பறையில் நின்று நோட்ஸ் கொடுப்பது. உங்கள் நேரம் விடுபடும். என் நேரம்?

பழைய டீன் எழுதியது:

இது இந்த இழையில் வந்ததிலேயே கனமான கேள்வி. பதில் சொல்லாமல் போகக்கூடாது மேடம்.

தொம்மலூர்த் தமிழ் எழுதியது:

போகமாட்டேன் சார். இரண்டு நாள் தோழியோடு பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தற்காலிகம் சார், மாற்று ஆசிரியர் என்பதை எடுத்துவிட்டு, இணை ஆசிரியர் என்று எழுதப் போகிறோம். வரலாறு தெரிந்த ஒரு கெஸ்ட் லெக்சரரை இந்தப் பாடத்துக்குள்ளேயே மூன்றாவது ஆசிரியராகச் சேர்க்கிறோம். கல்வெட்டு, நடுகல் பகுதி அவருடையது, களத்துக்கும் அவரே வருவார், பாடத்திட்டத்தில் பெயரும் இருக்கும். தயாரிப்பு நேரத்துக்கும் மணிக் கணக்கில் ஊதியம், மே மாதம் உட்பட. அவர் நடத்தும் வாரங்களில் நான் என் வழக்கமான வகுப்புக்குப் போகலாம், ஆகவே என் நேரமும் ஓரளவு விடுபடும். முழுதாக இல்லைதான். அறிவிப்பில் நிரந்தர ஆசிரியர் மட்டும் என்று இருப்பது விண்ணப்பதாரருக்கு. குழுவில் யார் இருக்கலாம் என்று அது பேசவில்லை. எங்கள் கல்லூரியில் இப்படிப் பணியாற்றுகிற ஒருவரிடம் கேட்டோம், சம்மதித்திருக்கிறார்.

தற்காலிகம் எழுதியது:

நல்லது மேடம். பெயர் பாடத்திட்டத்தில் வருவதைப் போர்ட் ஆஃப் ஸ்டடீஸ் (பாடத்திட்டக் குழு) மினிட்ஸில் ஏற்றிவிடுங்கள். நாளைக்கு இன்டர்வியூவில் காட்ட எங்களுக்கு அந்த ஒரு காகிதம் வேண்டும்.

பெல்லந்தூர்வாசி எழுதியது:

நான் வாத்தியார் இல்லை. ஏரிக்கரையில் வீடு. 2015லிருந்து நுரை ரோட்டுக்கு வந்து விழுவதைப் பார்த்தவன்.

காலேஜ் பிள்ளைகள் அடிக்கடி வருகிறார்கள். கேள்வித்தாள் கொண்டுவந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: நாற்றம் எப்படி இருக்கிறது, கொசு எவ்வளவு, குழந்தைக்கு உடம்புக்கு என்ன. எழுதிக்கொண்டு போகிறார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று ஒருவர்கூடத் திரும்பி வந்து சொன்னதில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அந்தக் காலத்தில் ஏரியில் மீன் பிடித்தவர். ராஜகாலுவை (ஏரிகளை இணைக்கும் பெரிய கால்வாய்) எங்கே ஓடியது, எந்த மதகு எப்போது அடைபட்டது எல்லாம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அரைநாள் உட்கார்ந்து சொல்கிறார். டீ வாங்கிக் கொடுப்பதோடு சரி. வெளியூரிலிருந்து ஒரு புரொஃபசர் வந்து ஒரு மணி நேரம் பேசினால் மதிப்பூதியம் கொடுப்பீர்கள்தானே?

வவுச்சர் எழுதியது:

கொடுக்கலாம் சார், வழி இருக்கிறது. நடப்பது என்னவென்றால், பில் எங்களிடம் வரும்போது பயோடேட்டா எங்கே, பான் கார்டு எங்கே என்று பிரிவில் கேட்பார்கள். ஆசிரியர் சலித்துப்போய்த் தன் கையிலிருந்து கொடுத்துவிடுவார், அல்லது கொடுக்காமல் விட்டுவிடுவார். முதலிலேயே விண்ணப்பத்தில் "களத்தில் பாடம் சொல்லும் உள்ளூர் வல்லுநர்" என்று ஒரு வகை வைத்து, ஒரு அமர்வுக்கு இன்ன தொகை, கல்வித் தகுதி தேவையில்லை, அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் போதும் என்று கமிட்டியிடம் ஒப்புதல் வாங்கிவிட்டால் யாரும் நிறுத்தமுடியாது. பணமாகக் கொடுத்தால் கையெழுத்து வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டுங்கள்.

பயோடேட்டா இடத்தில் "50 ஆண்டு ஏரியில் மீன்பிடித் தொழில்" என்று நீங்களே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் செல்லும். யூஜிசியே 2022இல் பட்டம் கட்டாயமில்லாமல் தொழில் அனுபவத்தை வைத்துப் பேராசிரியர் நியமிக்கலாம் என்று வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அங்கே 15 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். உங்கள் பெரியவருக்கு அதைவிட அதிகம்.

முனிர்கா மதி எழுதியது:

திரும்பி வந்து சொல்வதையும் பாடத்திலேயே வையுங்கள். கடைசி மதிப்பீடு வகுப்பறையில் பிரசன்டேஷனாக இல்லாமல், அந்தத் தெருவில், அவர்கள் பேசும் மொழியில் நடக்கட்டும். பெல்லந்தூரில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வேண்டியிருக்கும். தமிழ்த்துறை இந்தப் பாடத்தில் எதற்கு என்று கமிட்டி கேட்டால் இதையும் சொல்லலாம்.

தொம்மலூர்த் தமிழ் எழுதியது:

கேட்கத்தான் போகிறார்கள். எழுதிக்கொண்டேன்.

இப்போது பட்ஜெட் இப்படி மாறியிருக்கிறது: பெரிய பங்கு இணை ஆசிரியர் ஊதியத்துக்கு. அடுத்தது பஸ், சாப்பாடு, இன்ஷூரன்ஸ். பிறகு மாணவர் உதவித்தொகை, உள்ளூர் வல்லுநர் மதிப்பூதியம், லேப் பொருள்கள், பாதுகாப்புச் சாமான். கருவி என்ற தலைப்பில் பூஜ்யம். ஜூலையில் தொடங்கி அடுத்த ஏப்ரல் வரை, இரண்டு செமஸ்டராக. டீன் சார் சொன்னபடி, இருவருக்கும் முழு மணி நேரம் என்ற கோரிக்கையைத் தனிக் கடிதமாகப் பிரின்சிபாலுக்கு எழுதி விண்ணப்பத்தோடு இணைக்கிறோம். விண்ணப்பம் தோற்றாலும் அந்தக் கடிதத்தை அகாடமிக் கவுன்சில் வரை கொண்டுபோவோம். மற்றத் துறைகளிலும் சிலர் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கெலவரப்பள்ளி தமிழ்நாட்டில் இருக்கிறது. மாநில எல்லை தாண்டிப் பஸ் கொண்டுபோனால் ஏதாவது பிரச்சினை வருமா?

வவுச்சர் எழுதியது:

கல்லூரிப் பஸ் என்றால் தமிழ்நாட்டுக்குத் தற்காலிகப் பர்மிட் எடுக்கவேண்டும், வரியும் கட்டவேண்டும். வாடகைப் பஸ் என்றால் ஆல் இந்தியா பர்மிட் உள்ள வண்டியாகக் கேளுங்கள், அந்த வேலை அவர்களுடையது. கல்லூரிப் பக்கம் வெளிமாநிலப் பயணத்துக்குத் தனி ஒப்புதல் கேட்பார்கள். அந்த ஒரு நாளை மட்டும் தேதியோடு விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் தமிழ்நாடும் சேர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீழ்படிவு எழுதியது:

அணைக்குப் போகிற அன்று நானும் என் மாணவர்கள் சிலரும் சேர்ந்துகொள்ளலாமா? வர்த்தூர் வெளிப்போக்கில் நாங்கள் மாதாமாதம் எடுக்கும் அளவுகள் இருக்கின்றன. பகிர்கிறோம்.

தொம்மலூர்த் தமிழ் எழுதியது:

கட்டாயம் வாருங்கள் சார். தேதியைத் தனிமடலில் அனுப்புகிறேன், பஸ்ஸில் இடத்தையும் கூட்டிப் போட்டுவிடுகிறேன்.